கேள்வி – பதில்: நோய் குறைந்த கவுன்டியில் சாவு ஏன் அதிகம்?

சென்ற இதழில், வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஒரு வரி எழுதியிருந்தேன்: அமெரிக்காவின் கிராமப்புறக் கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) புற்றுநோய் நகரங்களைவிடச் சற்றுக் குறைவாகக் கண்டறியப்படுகிறது, ஆனால் புற்றுநோயால் இறப்போர் விகிதம் அங்கேதான் அதிகம். போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நோய் வருபவர்கள் குறைவு என்றால் இறப்பவர்களும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கு இடிக்கிறதே!
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தஞ்சாவூர்

புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் கணக்கு இடிக்கிறது, ஐயா. நுரையீரலில் வருவதும் மார்பகத்தில் வருவதும் புராஸ்டேட் சுரப்பியில் வருவதும் காரணத்திலும் போக்கிலும் முடிவிலும் ஒன்றோடொன்று ஒட்டாத நோய்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நிறுத்தால் கூடையின் எடை தெரியும். உள்ளே இருப்பது எலுமிச்சையா தேங்காயா என்பது தெரியாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டின் கவுன்டிகளைப் பெருநகரம் சார்ந்தவை, சாராதவை என்று பிரித்து ஒப்பிட்டது. ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் நகர்ப்புறத்தில் 158 பேரும் கிராமப்புறத்தில் 180 பேரும் புற்றுநோயால் இறந்ததாக அது கணக்கிட்டது. 2006 முதல் 2015 வரை இறப்பு வீதம் இரு பக்கமும் குறைந்தது உண்மைதான். ஆனால் நகரத்தில் ஆண்டுக்கு 1.6 சதவீதம் என்ற வேகத்திலும் கிராமத்தில் 1.0 சதவீதம் என்ற வேகத்திலும் குறைந்ததால், இடைவெளி ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போனது. இதே அறிக்கையில்தான், எல்லா வகைப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் நிகழ்வு வீதம் கிராமப்புறத்தில் குறைவு என்ற முடிவும் இருக்கிறது.

நிகழ்வு வீதம் என்பது, ஓராண்டில் 1 லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்பட்டது என்ற எண். ‘நோய் வந்தது’ என்று எழுதாமல் ‘கண்டறியப்பட்டது’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மருத்துவர் கண்டுபிடித்த நோய்தான் பதிவேட்டில் ஏறும். உடலுக்குள் ஒளிந்திருப்பதைப் பதிவேடு அறியாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்ற முடிச்சுகள் பெரும்பாலும் தாமாகவே அவிழும்.

இப்போது கூடையைக் கொட்டிப் பார்க்கலாம். நகர்ப்புறக் கவுன்டிகளில் அதிகமாகப் பதிவாகுபவை மார்பகப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய், தைராய்டு புற்றுநோய் ஆகியவை. கிராமப்புறக் கவுன்டிகளில் அதிகமாகப் பதிவாகுபவை நுரையீரல், பெருங்குடல், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள். முதல் வரிசையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டால் நோயாளி பல்லாண்டு வாழ்கிறார். இரண்டாம் வரிசையில் முதலில் நிற்கும் நுரையீரல் புற்றுநோயோ, அமெரிக்காவில் வேறு எந்தப் புற்றுநோயை விடவும் அதிகமானவர்களைக் கொல்லும் நோய். எண்ணிக்கையில் சற்றுக் குறைந்தாலும், கொல்லும் வகைகள் அதிகமாக உள்ள கூடை கிராமத்தினுடையது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது; கணித ஆசிரியரான உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே செய்யும் பரிசோதனை, எல்லா நோய்களிலும் நிகழ்வு வீதத்தை ஒரே திசையில் நகர்த்துவதில்லை. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்தால் மார்பகத்தில் ஏற்கெனவே இருக்கும் சிறு கட்டி தெரிகிறது, அது பதிவேட்டில் ஏறுகிறது, வீதம் கூடுகிறது. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தாலோ, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப் என்ற சதை வளர்ச்சியை அங்கேயே வெட்டி எடுத்துவிடுகிறார்கள், புற்றுநோய் உருவாகவே வழியில்லாமல் போகிறது, வீதம் குறைகிறது. கருப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் சோதனையும் புற்றுக்கு முந்தைய மாற்றத்தைப் பிடித்து நோயை வரவிடாமல் தடுக்கிறது. ஆகவே ஒரு கவுன்டியில் பரிசோதனை வசதி குறைவு என்று வைத்துக்கொண்டால், அங்கே மார்பக, புராஸ்டேட் எண்கள் தாழ்ந்தும் பெருங்குடல், கருப்பை வாய் எண்கள் உயர்ந்தும் இருக்கும். கிராமப்புற அமெரிக்காவின் எண்கள் அப்படியே இந்த வடிவத்தில் விழுகின்றன. மார்பக எண் தாழ்ந்ததற்கும் கருப்பை வாய் எண் உயர்ந்ததற்கும் காரணத்தில் ஒரு பங்கு பொதுவானது.

ஒரு பங்கு என்றுதான் சொல்கிறேன். நகரத்துப் பெண்கள் முதல் குழந்தையைத் தாமதமாகப் பெறுவதும் குறைவான குழந்தைகளைப் பெறுவதும் மார்பகப் புற்றுநோயின் உண்மையான அபாயத்தைக் கூட்டுகின்றன. கிராமத்தில் புகைப்பழக்கம் அதிகமாக இருப்பது நுரையீரல் புற்றுநோயை உண்மையாகவே கூட்டுகிறது. பரிசோதனை மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, எல்லா வகைகளையும் சேர்த்த நிகழ்வு வீதம் பொதுவாக நகரத்தில் அதிகம் என்று உறுதி செய்தபோதிலும், அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் அப்படி இல்லை என்று குறிப்பிட்டது. சென்ற இதழில் அந்த விதிவிலக்கை நான் எழுதாமல் விட்டது என் தவறு.

கிராமங்களில் வயதானவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். சாவு அதிகமாக இருப்பதில் என்ன வியப்பு?
— வாசகி, விருதுநகர்

நியாயமான ஐயம். ஆனால் மேலே சொன்ன எண்கள் எல்லாமே வயதுக்காகச் சரிசெய்யப்பட்டவை. ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனியாக வீதம் கண்டு, பிறகு எல்லாக் கவுன்டிகளிலும் ஒரே மாதிரியான வயதுக் கலவை இருப்பதாகப் பாவித்து, அந்த வீதங்களைக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கலவையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால் ஏற்படும் வீக்கம் இதில் வடிந்துவிடுகிறது. 158, 180 என்ற வேறுபாடு அதற்குப் பிறகும் எஞ்சி நிற்பது.

கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றதா? எது நகரம், எது கிராமம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஏறக்குறைய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவு பொருந்தாது. அமெரிக்காவில் 3,100க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒரு கோடிப் பேர் இருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லவ்விங் கவுன்டியில் இருந்தவர்கள் 64 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணத்தின் முதல் பந்திக்கே அதைவிட அதிகமானவர்கள் உட்காருவார்கள்.

நகரம், கிராமம் என்ற பிரிவினையை நடுவண் அரசின் நிர்வாக, நிதிநிலை அலுவலகம் செய்கிறது. 50,000 அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் நகர்ப் பகுதியை மையமாகக் கொண்ட கவுன்டியும், அங்கே பெருமளவில் வேலைக்குப் போய்வருவோர் வசிக்கும் பக்கத்துக் கவுன்டிகளும் பெருநகரம் சார்ந்தவை. மற்றவை எல்லாம் சாராதவை. இதை மேலும் நுணுக்கி, வேளாண்மைத் துறை 1 முதல் 9 வரை குறியீடு கொடுக்கிறது. முதல் மூன்றும் பெருநகரம், 4 முதல் 9 வரை கிராமப்புறம். ஆய்வுகளில் ‘கிராமம்’ என்று படித்தால் பெரும்பாலும் இந்த 4 முதல் 9 வரையிலான கவுன்டிகளைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் வேடிக்கைகளும் உண்டு. அரிசோனாவில் உள்ள கொகொனினோ கவுன்டி, பிளாக்ஸ்டாப் என்ற ஊரின் காரணமாகப் பெருநகரக் கவுன்டியாகிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு அந்தக் கவுன்டியில்தான் இருக்கிறது. அதன் அடியில், கோவேறு கழுதையின் முதுகில் சாமான்கள் போய்ச் சேரும் இடத்தில் நிற்பவரும் கணக்குப்படி பெருநகரவாசிதான். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுன்டி சுமார் 52,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அதன் பெரும்பகுதி மொஹாவே பாலைவனம். அதுவும் பெருநகரக் கவுன்டிதான். மருத்துவமனைக்கு வெகு தொலைவில் வாழும் பலர் இப்படி நகரக் கணக்கில் கரைந்துபோகிறார்கள். இவர்களைச் சரியாகப் பிரித்தெடுத்தால் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூடுதலாகத் தெரியும் என்பது என் ஊகம்.

அமெரிக்கக் கவுன்டிகளின் புற்றுநோய் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். யாரும் அறியாத ஒரு சின்னஞ்சிறு கவுன்டி ரத்தச் சிவப்பில் இருந்தது. அங்கே தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— மென்பொருள் பொறியாளர், நியூ ஜெர்சி

தண்ணீரைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கவுன்டியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். லவ்விங் கவுன்டியையே எடுத்துக்கொள்வோம். 64 பேரில் ஒருவருக்கு ஒரே ஓர் ஆண்டில் புற்றுநோய் கண்டறியப்பட்டால், 1 லட்சத்துக்கு 1,563 என்று வீதம் வருகிறது. அமெரிக்க தேசிய வீதமான சுமார் 440ஐப் போல அது மூன்றரை மடங்கு. வரைபடத்தில் அந்தக் கட்டம் சிவந்துவிடும். அடுத்த ஆண்டு யாருக்கும் வரவில்லை என்றால் வீதம் பூஜ்யம். அதே கட்டம் பச்சையாகி, நாட்டிலேயே ஆரோக்கியமான இடம் என்று பெயர் வாங்கும். தண்ணீர் இரண்டு ஆண்டிலும் அதே தண்ணீர்தான்.

புள்ளியியல் வகுப்புகளில் பெயர்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிறுநீரகப் புற்றுநோய் மிகக் குறைவாக உள்ள அமெரிக்கக் கவுன்டிகளைப் பட்டியலிட்டால், அவை பெரும்பாலும் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மக்கள் நெருக்கமற்ற கிராமப்புறக் கவுன்டிகளாக இருக்கும். உடனே, தூய காற்று, கலப்படமற்ற உணவு என்று காரணம் சொல்லத் தோன்றும். மிக அதிகமாக உள்ளவற்றைப் பட்டியலிட்டாலும் அதே வகைக் கவுன்டிகள்தான் வருகின்றன. இப்போது மருத்துவ வசதியின்மை, புகை, குடி என்று காரணம் சொல்லத் தோன்றும். இரண்டு காரணமும் வேண்டியதில்லை. சிறிய கூட்டத்தில் வீதம் மேலும் கீழும் தாவும். பெரிய கூட்டத்தில் நடுவே அடங்கி நிற்கும். நான்கே வாக்காளர் உள்ள மலையோர வாக்குச்சாவடியில் நூறு சதவீத வாக்குப்பதிவு என்று செய்தித்தாளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நால்வரின் ஜனநாயகப் பற்றை மெச்சலாம், ஆனால் சென்னையின் ஒரு தொகுதியோடு அதை ஒப்பிட மாட்டோம்.

இந்தக் காரணத்தால்தான் பதிவேடு நடத்துபவர்கள் பல ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து வீதம் கணக்கிடுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் புள்ளிவிவரத்தில் 16க்குக் குறைவான நோயாளிகளே உள்ள இடங்களில் வீதத்தை வெளியிடாமல் மறைத்துவிடுகிறார்கள். நோயாளி யார் என்று அக்கம்பக்கத்தார் ஊகித்துவிடக் கூடாது என்பது அதற்கு இன்னொரு காரணம். நீங்கள் பார்த்த வரைபடத்தில் அந்த வீதத்தின் இருபுறமும் பிழை எல்லை (உண்மை வீதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) கொடுக்கப்பட்டிருந்ததா என்று திரும்பிப் பாருங்கள். கொடுக்கப்படவில்லை என்றால் அந்தச் சிவப்பு நிறத்துக்குப் பொருள் சொல்ல யாராலும் முடியாது. இதைச் சொல்வதால், மாசுபட்ட தண்ணீர் என்ற பேச்சே வீண் என்று நான் சொல்வதாகாது. அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

முப்பது ஆண்டுகளாகப் பூச்சிமருந்து அடித்துவருகிறேன். அமெரிக்காவில் விவசாயக் கவுன்டிகளில் புற்றுநோய் அதிகமா?
— மஞ்சள் விவசாயி, ஈரோடு மாவட்டம்

இதற்கென்றே ஒரு பெரிய ஆய்வு அங்கே நடந்துவருகிறது. 1993இல் தொடங்கி, ஐயோவா, வட கரோலைனா ஆகிய இரு மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்க உரிமம் பெற்ற விவசாயிகளையும் அவர்களுடைய துணைவர்களையும் தொழில்முறையாக மருந்து அடிப்பவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய 89,000 பேரை ஆய்வுக்குள் கொண்டுவந்து, அவர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் அவர்களிடையே புற்றுநோய் பொதுமக்களைவிடக் குறைவு. அவர்கள் குறைவாகப் புகைப்பதும் உடலுழைப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால் இங்கேயும் கூடையைக் கொட்டித்தான் பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் குறைந்திருக்கும் அதே விவசாயிகளிடம் புராஸ்டேட் புற்றுநோய், உதட்டுப் புற்றுநோய், மல்டிப்பிள் மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் சில வகைகள் ஆகியவை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. உதட்டுப் புற்றுக்கு வெயில் காரணம். மற்றவற்றில் சில குறிப்பிட்ட மருந்துகளோடு தொடர்பு காணப்பட்டது. எல்லா மருந்தும் ஒன்றல்ல. கையுறை போடாமல் மருந்தைக் கலக்குவதும், தெளித்த சட்டையோடு வீட்டுக்குள் போய் உட்காருவதும் உங்கள் வழக்கமாக இருந்தால், இந்த ஆய்வின் முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றே நிறுத்திவிடுங்கள்.

அதே ஐயோவா அண்மை ஆண்டுகளில் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. மக்காச்சோளமும் சோயாவும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த, 99 கவுன்டிகள் கொண்ட அந்த மாநிலம், புற்றுநோய் நிகழ்வு வீதத்தில் நாட்டில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. வீதம் ஏறிக்கொண்டிருக்கும் மிகச் சில மாநிலங்களில் அதுவும் ஒன்று. உரத்திலிருந்து குடிநீரில் இறங்கும் நைட்ரேட்டைச் சிலர் காரணம் காட்டுகிறார்கள். மாநிலப் பதிவேட்டின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதுப்பழக்கத்தை அழுத்திச் சொன்னது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது மண்ணுக்குள்ளிருந்து வருவது. யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற வாயு, நிறமும் மணமும் இல்லாமல் வீட்டின் அடித்தள அறை வழியே கசிந்து உள்ளே தேங்குகிறது. புகைக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 21,000 சாவுகளுக்கு இது காரணம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது. ஐயோவாவின் 99 கவுன்டிகளும், ஒன்றுகூட மிச்சமில்லாமல், ரேடான் அபாயம் மிகுந்த முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. நோய்க்குக் காரணம் வயலில்தான் இருக்கும் என்று தேடுபவர்கள் வீட்டின் தரைக்கடியில் பார்ப்பதில்லை.

கென்டக்கி மாநிலத்தின் பெயர் எப்போதும் அடிபடுகிறதே, ஏன்?
— வாசகர், மதுரை

புகையிலை. அந்த மாநிலம் தலைமுறைகளாகப் புகையிலை பயிரிட்டு வாழ்ந்தது. பயிரிட்டவர்களே புகைக்கவும் செய்தார்கள். நுரையீரல் புற்றுநோயின் நிகழ்விலும் இறப்பிலும் அது நாட்டின் உச்சத்தில் நிற்கிறது. அதிலும் கிழக்கே, அப்பலேச்சிய மலைப்பகுதியில் உள்ள 54 கவுன்டிகளின் நிலை மிக மோசம்; நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வேலை போன, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஏழைப் பகுதி அது. புகைப்பதை மறுக்கும் மார்மன் சமயத்தினர் நிறைந்த யூட்டாவின் நுரையீரல் புற்றுநோய் வீதத்தைப் போல கென்டக்கியினுடையது சுமார் மூன்று மடங்கு. யூட்டாவிலும் கிராமப்புறக் கவுன்டிகள் நிறையவே இருக்கின்றன என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஊர் சிறியது என்பதற்காக நுரையீரல் கெட்டுப்போவதில்லை.

கென்டக்கியின் நல்ல செய்தி ஒன்றையும் சொல்லாவிட்டால் அநியாயம். 1999 அளவில் அங்கே பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் உரிய வயதினரில் மூன்றில் ஒருவர்தான். மருத்துவர்களும் மாநில அரசும் கவுன்டி கவுன்டியாகச் சென்று வற்புறுத்தியதில், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது மூன்றில் இருவராக உயர்ந்தது. அதே காலத்தில் அந்த நோயின் நிகழ்வும் இறப்பும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. பரிசோதனை கூடினால் வீதம் குறையும் வகைப் புற்றுநோய் என்று தஞ்சாவூர் ஆசிரியருக்குச் சொன்னேனே, அது இது.

பெருங்குடல் புற்றுநோயால் சாவு குவியும் இடங்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு மூன்றைச் சுட்டியது: மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்படுகை, அப்பலேச்சியாவின் மேற்கு மையப் பகுதி, வர்ஜீனியாவும் வட கரோலைனாவும் சந்திக்கும் கிழக்குப் பகுதி. முதலாவதில் கறுப்பின மக்கள் அதிகம்; இரண்டாவதில் வெள்ளையர் அதிகம். இரண்டுக்கும் பொதுவானது வறுமை.

நகரத்தில் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுவதெல்லாம் உண்மையிலேயே ஆபத்தான நோய்தானா?
— செவிலியர், சென்னை

எல்லாம் இல்லை. தைராய்டு இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்காவில் 1975 முதல் 2009 வரை தைராய்டு புற்றுநோயின் நிகழ்வு வீதம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. இறப்பு வீதம் இம்மியும் அசையவில்லை. கழுத்தில் வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தென்பட்ட, அந்த நபரை ஒருபோதும் தொந்தரவு செய்திருக்காத சிறு கட்டிகள்தான் பதிவேட்டை நிரப்பின. ஸ்கேன் மையங்கள் எங்கே நெருக்கமாக உள்ளனவோ அங்கே இந்த எண் கூடுவதில் புதிர் எதுவும் இல்லை. பி.எஸ்.ஏ. சோதனையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2012இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது, பிறகு 2018இல் 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் மருத்துவரோடு கலந்து தாமே முடிவெடுக்கலாம் என்று தளர்த்திக்கொண்டது. ஆகவே கிராமத்தில் தைராய்டு எண் குறைவு என்பதை அவர்களுக்கு நேர்ந்த குறையாக நான் எண்ணுவதில்லை. மார்பகப் புற்றுநோயில் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே தாமதம் உயிரைக் குடிக்கும்.

சிகிச்சை என்பது எங்கும் ஒன்றுதானே? கிராமத்தவர் அதிகம் இறப்பதில் தூரத்துக்கு என்ன பங்கு?
— வாசகி, நாகர்கோவில்

பென்சிலால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் என்று ஆறு வாரம் கொடுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். 30 முறை போக வேண்டும். கதிர்வீச்சு இயந்திரத்தின் அடியில் படுத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். மருத்துவமனை 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்வர 160. முப்பது முறைக்கு 4,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் புறப்பட்டுக் காஷ்மீர் போய்ச் சேரும் தூரத்தைவிட அது அதிகம். பேருந்து கிடையாது, காரை ஓட்டிச் செல்ல வீட்டில் ஒருவர் தினமும் வேலையை விட வேண்டும், அவருடைய வேலையோடுதான் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அஞ்சி, மார்பகத்தைக் காப்பாற்றக்கூடிய சிறு அறுவையையும் கதிர்வீச்சையும் விட்டுவிட்டு, மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். 2010க்குப் பிறகு அங்கே 100க்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன.

தூரமும் வசதியும்தான் காரணமா, அல்லது கிராமத்து நோயாளியின் உடலிலேயே ஏதேனும் வேறுபாடு உண்டா என்ற கேள்விக்கு 2018இல் அழகான விடை ஒன்று கிடைத்தது. மருத்துவச் சோதனை முறைச் சிகிச்சைகளில் சேர்ந்திருந்த 36,995 நோயாளிகளை எடுத்து, கிராமத்தவர், நகரத்தவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். இத்தகைய சோதனைகளில் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கண்காணிப்பு; எந்த ஊர்க்காரர் என்று பார்த்து மாற்ற முடியாது. விளைவு, ஏறக்குறைய எல்லா வகைப் புற்றுநோயிலும் இரு தரப்பினரும் ஒரே அளவில் உயிர் பிழைத்திருந்தார்கள். ஹார்மோன் ஏற்பி இல்லாத ஒரு வகை ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் மட்டும் விதிவிலக்கு. இந்தப் பகுதியில் நான் எழுதிய எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், நான் இந்த ஆய்வைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நம் ஊருக்கு இது பொருந்துமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

எண்கள் பொருந்தாது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டமும் 1992இல் சட்டத்தின் மூலம் வந்த இன்னொரு திட்டமும் சேர்ந்து, இன்று நாட்டின் மக்கள் அனைவரையும் உள்ளடக்கிவிட்டன. இந்தியாவில் பதிவேடுகள் மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியைத்தான் எட்டுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் மட்டும் இரண்டு நாடுகளின் கிராமங்களும் ஒரே குறையால் துன்பப்படுகின்றன; அதற்கான சான்று உங்கள் வீட்டுக்கு வெகு அருகிலேயே கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 114 கிராமத் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 57இல் மட்டும் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை நடத்தினார்கள்; உங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனை அதில் பங்கேற்றது. 2007இல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்த நோயின் நிகழ்வு 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அவர்கள் பயன்படுத்தியவை ஒரு விளக்கு, பஞ்சு, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம்.